செவிவழித் துருக்கி

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் விடியற்காலையில் விறாந்தையில் உலாவிக்கொண்டு, காதிலே சிறு கருவியொன்றைச் செருகியவாறு, "நான் சந்தைக்குப் போகிறேன், நீங்கள் சந்தைக்குப் போகிறீர்களா? அவர் சந்தைக்குப் போகவில்லை" என்று, எதிரே எவருமில்லாத வெளியை நோக்கி, ஊரில் எவருக்கும் விளங்காத மொழியிலே உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தால் அயலவர் அவரைப் பற்றி யாது நினைப்பர்? என் அயலவர் நினைத்ததை நான் விசாரிக்கவில்லை. என் மனைவி மாத்திரம், "விடிய எழும்பி ஆரோடை சண்டை பிடிக்கிறியள்?" என்று கேட்டாள். நான் சண்டை பிடித்தது துருக்கி மொழியோடு. அச்சண்டையின் வரலாற்றைத் தங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இன்று ஒலிவாங்கியின் முன் வந்திருக்கிறேன்.

பாடசாலை அதிபர் ஒருவருக்குத் துருக்கி மொழி எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். எங்கள் மகன் உயர்கல்வியின் பொருட்டு அங்காரா நகருக்குச் சென்றான். படிப்பு முடிந்தபின் அங்கேயே தொழிலும் தேடிக்கொண்டான். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டுப் பெண்ணொருத்தியை மணந்தான். மருமகளுக்கு ஆங்கிலம் தெரியும். அவளுடைய தாயாருக்கோ தாய்மொழியன்றி வேறு மொழி தெரியாது. கணவரை இழந்த அவர், கைசேரி நகரிலே தம் தமையனாரின் வீட்டுக்கு அண்மையில் வாழ்கிறார். திருமணத்துக்கு நாங்கள் சென்றிருந்தபோது, அவ்வம்மையார் தம்மையும் எங்களிருவரையும் மாறிமாறிச் சுட்டிக்காட்டி, "துனுர், துனுர்" என்று ஒரு சொல்லைச் சொன்னார். மகன் சிரித்துக்கொண்டு, "அப்பா, சம்பந்தி என்கிறார்" என்றான்.

நேயர்களே, நான் முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் படிப்பித்தவன். சம்பந்தி என்ற சொல்லுக்கு நேரான ஓர் ஆங்கிலச் சொல்லை எந்த மாணாக்கனுக்கும் என்னால் கொடுக்க முடிந்ததில்லை. சுற்றிவளைத்து ஒரு வாக்கியமாகத்தான் கொடுத்திருக்கிறேன். அது துருக்கியில் ஒரே சொல்லாகக் கிடந்தது. பின்னர் விசாரித்தபோது இன்னும் பல வெளிவந்தன. மனைவியின் சகோதரியை மணந்தவர் நமக்குச் சகலன், அவர்களுக்கு "பஜனாக்". கணவனின் சகோதரனை மணந்தவள் நமக்கு ஓர்ப்படி, அவர்களுக்கு "எல்தி". தாயின் சகோதரி வேறு, தந்தையின் சகோதரி வேறு. முன்னவர் "தெய்ஸெ", பின்னவர் "ஹாலா". தாய்மாமனுக்குத் "தாயி" என்று பெயர். உறவை நம்மைப்போலவே நுணுகிப் பார்க்கின்ற மக்கள் என்று கண்டவுடன் அம்மொழியின்மேல் எனக்கு ஒரு பற்று உண்டாயிற்று.

ஊர் திரும்பியபின் ஞாயிறுதோறும் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும் வழக்கம் ஏற்பட்டது. மகன் நடுவிலிருந்து மொழிபெயர்ப்பான். அவன் தேநீர் எடுத்துவர எழுந்து சென்றால், சம்பந்தியம்மாவும் நாங்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்போம். எவ்வளவு நேரந்தான் சிரித்துக்கொண்டிருப்பது? பேரப்பிள்ளை பிறக்கப்போகும் செய்தியும் வந்தது. அக்குழந்தை முதலிற் பேசப்போவது எந்த மொழி என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

நான் ஏட்டோடு வளர்ந்தவன். ஆதலால் முதலில் ஓர் இலக்கண நூலைத்தான் தேடினேன். துருக்கி மொழி பல நூற்றாண்டுகளாக அரபு எழுத்தில் எழுதப்பட்டு வந்தது. 1928ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி இயற்றப்பட்ட சட்டத்தினால் இலத்தீன் எழுத்து வந்தது. எட்டு உயிரும் இருபத்தொரு மெய்யுமாக மொத்தம் 29 எழுத்துக்கள். அதே ஆண்டு செப்டெம்பரில், எங்கள் சம்பந்தியின் ஊராகிய கைசேரியிலே முஸ்தபா கெமால் கரும்பலகையின் அருகே நின்று புதிய எழுத்தைக் காட்டும் புகைப்படம் உலகறிந்தது. நாட்டுத் தலைவர் ஒருவர் வாத்தியார் வேலை பார்த்த காட்சியை ஆசிரியத் தொழில் செய்யும் எவரும் எளிதில் மறக்கமாட்டார்.

அவ்வெழுத்து ஒலிக்கு மிக நெருங்கிய எழுத்து. ஆங்கிலத்தைப்போல எழுதுவது ஒன்று, சொல்வது வேறு என்ற தொல்லை இல்லை. ஆங்கிலத்து மூன்றாம் எழுத்து அங்கே ஜகர ஒலி பெறும் என்பதைப்போன்ற சில செய்திகளை மனத்திற் பதித்துக்கொண்டால் எந்தப் பக்கத்தையும் வாய்விட்டு வாசித்துவிடலாம். இந்த எளிமையே என்னை ஏமாற்றியது. இரண்டு மாதத்தில் சிறு பாடங்களை வாசித்தேன், பயிற்சிகளை எழுதினேன், எனக்கு நானே புள்ளியிட்டுக்கொண்டேன், அதுவும் தாராளமாக. அடுத்த ஞாயிறு சம்பந்தியம்மா வழக்கமான நலவிசாரணையைத் தொடங்கினார். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஏட்டிலே இடைவெளி விட்டுத் தனித்தனியே நின்ற சொற்கள் அவர் வாயிலே ஒரே நீரோட்டமாகிவிட்டன. கண்ணுக்குத் தெரிந்த மொழி காதுக்குத் தெரியவில்லை.

அதன்பின்னரே ஒலிப்பாடங்களை நாடினேன். ஒலிப்பதிவின் துணைகொண்டு மொழி கற்பித்தல் புதிய முயற்சியன்று. 1901இல் இலண்டனில் ஜாக் ரோஸ்டன் என்பவர் தொடங்கிய லிங்குவாஃபோன் நிறுவனம் மெழுகு உருளைகளிற் பாடங்களைப் பதிந்தது, பின்னர் இசைத்தட்டு வந்தது, அதன்பின் ஒலிநாடா. அமெரிக்காவின் வெளிநாட்டுச் சேவைப் பயிற்சி நிலையம் தன் தூதுவர்களுக்கென 1966இல் வெளியிட்ட துருக்கிப் பாடநூலும் அதற்குரிய ஒலிநாடாக்களும் இன்று எவரும் இலவசமாகக் கேட்கக் கிடைக்கின்றன. அவற்றில் வரும் குரல்கள் சற்றுப் பழையனவாயினும் உச்சரிப்புத் தெளிவானது; ஒரே அமைப்பைப் பத்துத் தடவை மாற்றி மாற்றிச் சொல்லவைக்கும் அப்பயிற்சி சிலருக்குச் சலிப்பூட்டும். எனக்குச் சலிக்கவில்லை. வாய்பாடு மனனஞ் செய்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான்.

போல் பிம்ஸ்லர் என்ற அமெரிக்க அறிஞரின் முறையையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒரு புதிய சொல் எவ்வளவு நேரத்தில் மறந்துபோகிறது, மறக்கப்போகும் தறுவாயில் அதை எப்பொழுது மீண்டும் கேட்பது என்பதை ஆராய்ந்து 1967இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஐந்து விநாடியில் ஒரு தடவை, பின்னர் இருபத்தைந்து விநாடியில், இரண்டு நிமிடத்தில், பத்து நிமிடத்தில், ஒரு மணியில் என்று இடைவெளி நீண்டுகொண்டே போகும். அவ்வழியில் அமைந்த பாடம் ஒன்று அரை மணி நேரம் ஓடும். ஆசிரியர் ஒரு பொருளைச் சொல்லி, அதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டுவிட்டுச் சிறிது நேரம் மௌனமாயிருப்பார். அந்த மௌனத்துக்குள் நாம் சொல்லிவிட வேண்டும். பின்னரே சரியான விடை வரும்.

அம்மௌனத்தைப் பற்றிச் சற்று விரித்துக் கூறவேண்டும். முதற் சில நாள் நான் பாடத்தை ஓடவிட்டுக்கொண்டு வரவுப் பதிவேட்டைப் பார்த்தேன். பேருந்தில் வாய்மூடிக் கேட்டேன். எல்லாம் விளங்குவதுபோலவே இருந்தது. ஆனால் இரவிலே யோசித்தால் ஒரு வாக்கியமும் நாவில் எழாது. கேட்கும்போது விளங்குவது வேறு. கேட்டதற்கு மறுமொழி எழுவது வேறு. மௌனத்தை நிரப்பாதவன் பாடத்தைக் கேட்கவில்லை, பாட்டுக் கேட்பதுபோற் கேட்டிருக்கிறான். இதனைக் கண்டபின்னரே விடியற்காலை உலாவலும் உரத்த பேச்சும் தொடங்கின. நாளொன்றுக்கு அரை மணிதான். ஆனால் அந்த அரை மணியில் வேறு வேலை கிடையாது.

இனி, தமிழர் எவரேனும் இம்மொழியைக் கற்க விழைந்தால் அவருக்குப் பெரிதும் பயன்படக்கூடிய செய்தி ஒன்றைச் சொல்கிறேன். நான் கேட்ட ஒலிப்பாடங்களெல்லாம் ஆங்கிலத்தில் விளக்கம் தருவன. துருக்கி வாக்கியம் தலைகீழானது, வினை கடைசியில் வருகிறது, முன்னிற்க வேண்டியன பின்னிற்கின்றன என்று ஆசிரியர் இரக்கத்தோடு எச்சரிப்பார். நானும் நம்பி, ஆங்கில வாக்கியத்தை வாலிலிருந்து தலைக்குத் திருப்பித் திருப்பி வியர்த்துப்போனேன். ஒருநாள் பாடத்திலே, நேற்றுச் சந்தையிலிருந்து வந்த மனிதர் என்ற பொருளில் ஆங்கிலத் தொடரொன்று வந்தது. விடை: "துன் பஸர்தன் கெலென் அதம்." துன் என்றால் நேற்று, பஸர் சந்தை, தன் என்பது இலிருந்து என்னும் உருபு, கெலென் என்பது வந்த, அதம் மனிதர். நேற்று, சந்தையிலிருந்து, வந்த, மனிதர்! விறாந்தையில் அப்படியே நின்றுவிட்டேன். தலைகீழாயிருந்தது ஆங்கிலமேயன்றித் துருக்கியன்று. நடுவில் நின்ற ஆங்கிலத்தை விலக்கிவிட்டால் தமிழிலிருந்து துருக்கிக்கு நேர்பாதை.

அன்றுமுதல், ஆங்கிலத்திற் கேள்வி வந்ததும் மனத்துள்ளே அதைத் தமிழாக்குவேன். பின் சொல்லுக்குச் சொல் துருக்கியாக்குவேன். "கிதியோரும்" என்றால் போகிறேன். கித் என்னும் பகுதி, இயோர் என்னும் நிகழ்கால இடைநிலை, உம் என்னும் தன்மை விகுதி. நம் போ, கிறு, ஏன் என்ற மூன்றும் அதே வரிசையில் நிற்கின்றன. நம் பெயரெச்சம் அங்கே உண்டு, வினையெச்சமும் உண்டு. "கெலிப் கித்தி" என்றால் வந்து போனார். வினா எழுப்ப நாம் ஆகாரத்தைச் சேர்ப்பதுபோல அவர்கள் "மி" என்று சேர்ப்பர். அவர்கள் மொழியில் தாய்க்கு "அன்னெ" என்று பெயர். "அன்னெ கெல்தி மி" என்றால் அம்மா வந்தாரா. "அன்னெ மி கெல்தி" என்றால் அம்மாவா வந்தார். ஐயம் எந்தச் சொல்லின்மேலோ அந்தச் சொல்லின் பின்னே வினா. "ச்சாய் வார், ஷெகெர் யோக்" என்றால் தேநீர் உண்டு, சீனி இல்லை. உண்டு, இல்லை என்ற இரண்டும் வார், யோக் என்று எழுவாயின் எண்ணையும் இடத்தையும் பாராமல் அப்படியே நிற்கும்.

என்னை மிகவும் மகிழ்வித்தது "மிஷ்" என்னும் விகுதி. "கெல்தி" என்றால் வந்தார். சொல்பவர் கண்டு சொல்கிறார். "கெல்மிஷ்" என்றால் வந்தாராம். பிறர்வாய்க் கேட்டுச் சொல்கிறார். தமிழிலே ஆம் என்ற ஓர் எழுத்தசையால் நாம் செய்யும் வேலையை அவர்கள் மிஷ் என்ற ஒன்றினாற் செய்கின்றனர். அவர்களுடைய பாட்டிக் கதைகளும் இருந்ததாம், இல்லையாம் என்றுதான் தொடங்குகின்றன. ஒலிப்பாடத்து ஆசிரியர் இவ்விகுதியை விளக்க ஒரு முழுப் பாடத்தைச் செலவிட்டார். நான் அன்று அரைவாசியில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். தேநீர் கீநீர் என்றும் புத்தகம் கித்தகம் என்றும் நாம் சொல்வதுபோல, "ச்சாய் மாய்", "கித்தப் மித்தப்" என்று அவர்களும் சொல்வார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நமக்குக் கிகரம், அவர்களுக்கு மகரம்; வேற்றுமை அவ்வளவே.

இவற்றைக் கொண்டு தமிழும் துருக்கியும் ஒருதாய் மக்கள் என்று முடிவுகட்டிவிடலாகாது. கால்டுவெல் ஐயர் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளைத் துருக்கியும் அடங்கிய சித்திய மொழிக் கூட்டத்தோடு தொடர்புபடுத்த முயன்றார். பின்வந்த மொழிநூலார் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒட்டுக்களைக் கோத்துச் சொல்லாக்கும் முறை உலகில் வேறு பல மொழிகளிலும் உண்டு. அன்னெ என்பதும் அன்னை என்பதும் ஒத்திருப்பது தற்செயல். ஆனால் சில சொற்கள் உண்மையாகவே ஒரே வழியில் வந்தவை. அவை அரபு, பாரசீக மொழிகளின் வழியாக இருபுறமும் சென்றன. நம் மைதானம் அவர்களுக்கு "மெய்தான்", ஜவாப் "ஜெவாப்", அசல் "அஸில்". வக்கீல் என்பது அங்கே "வெகீல்". ஆனால் அவர் வழக்குரைப்பதில்லை, பிரதிநிதியாக இருக்கிறார். பாராளுமன்ற உறுப்பினரையும் அச்சொல்லாலேயே குறிப்பர். அப்படியானால் வழக்குரைப்பவர் யார்? "அவுகாத்". யாழ்ப்பாணத்து முதியோர் சொன்ன அப்புக்காத்து நினைவுக்கு வருகிறாரல்லவா? நமக்குப் பறங்கியரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்த சொல்லின் உறவை அவர்கள் இத்தாலியரிடமிருந்து பெற்றுக்கொண்டனர்.

இலக்கணம் இவ்வாறு கைகொடுத்தது. ஒலி கைகொடுக்கவில்லை.

துருக்கியின் எட்டு உயிர்களில், மேலே புள்ளியில்லாத இகரம் என்று ஒன்றுண்டு. ஆங்கிலேயர் அதற்குப் பெரிதும் திண்டாடுவர். நமக்கோ அது சொந்த வீட்டுச் சரக்கு: காசு, பாட்டு, ஆறு என்னும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒலிக்கும் குற்றியலுகரந்தான் அது. சற்றுமுன் அஸில் என்று நான் சொன்ன சொல்லின் இரண்டாம் உயிரும், தாயி என்ற சொல்லின் ஈற்றுயிரும் அதுவே. இதைக் கண்டு நான் கர்வங்கொண்டேன். ஆனால் இரட்டைப் புள்ளியிட்ட இரண்டு உயிர்கள் இருக்கின்றன. அவை நம்மிடம் இல்லை. நாவை எகரத்துக்கு வைத்துக்கொண்டு உதட்டை ஒகரத்துக்குக் குவித்தால் ஒன்று. நாவை இகரத்துக்கு வைத்து உதட்டை உகரத்துக்குக் குவித்தால் மற்றது. இதைச் சொல்வது எளிது. நம் காதோ அவற்றை ஒகரமென்றும் உகரமென்றுமே எடுத்துக்கொள்ளும். இல்லாத ஒலியைக் காது, தெரிந்த ஒலியாக்கி உள்ளே அனுப்பிவிடுகிறது. ககரத்தின் வல்லொலியையும் மெல்லொலியையும் சொல்லின் முதலிலே வேறுபடுத்தி எழுதாத வழக்கமும் இதோடு சேர்ந்துவிட்டது. துருக்கியிலே ரோசா மலர், சாம்பல், அடிமை ஆகிய மூன்றும் வெவ்வேறு சொற்கள். அவற்றைத் தமிழில் எழுதினால் மூன்றும் குல், குல், குல். இங்கே நான் வாயினால் ஓரளவு வேறுபடுத்திக் காட்டலாம். இவ்வுரை அச்சேறும் நாளில் மலரும் சாம்பலும் ஒன்றாகிவிடும்.

உயிர்கள் இவ்வளவு முக்கியம் பெறுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. மரம் கள்ளோடு சேர்ந்து மரங்கள் ஆகிறது. பல் பற்கள் ஆகிறது. நாம் மெய்யை மாற்றுகிறோம். துருக்கியர் உயிரை மாற்றுகின்றனர். வீடு "எவ்", வீடுகள் "எவ்லெர்"; புத்தகம் "கித்தப்", புத்தகங்கள் "கித்தப்லர்". பன்மை விகுதி லெர் ஆவதும் லர் ஆவதும் பகுதியின் கடைசி உயிரைப் பொறுத்தது. நா முன்னே நிற்கும் உயிர் நான்கு, பின்னே நிற்கும் உயிர் நான்கு. ஒரு சொல்லின் வால் எவ்வளவு நீண்டாலும் தலையின் உயிரோடு இணங்கியே செல்லும். இதைக் கட்டளையாகப் படித்து ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். நூறு தடவை காதாற் கேட்டால், பிழையான இணைப்பு அபசுரம்போலத் தானே உறுத்தும். பஞ்சாங்கம் பார்த்துப் புணர்ச்சி சொல்லும் தமிழ்க் குழந்தை எங்கேனும் உண்டா?

அமெரிக்கப் பயிற்சி நிலையம் ஆங்கிலம் பேசுவோருக்குத் துருக்கி கற்க ஏறக்குறைய 44 வாரமும் 1,100 வகுப்பு மணியும் வேண்டுமென்று கணித்திருக்கிறது. தமிழையும் அதே படியில்தான் வைத்திருக்கிறது. நம்மவருக்கு எவ்வளவு வேண்டுமென்று எவரும் கணிக்கவில்லை. இலக்கணத்துக்குக் குறைவாகவும் உதட்டுக்குக் கூடுதலாகவும் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இடையிலே பாடசாலையில் ஒரு சிறு மாற்றம் ஏற்பட்டது. ஆறாந் தரத்திலே சிங்களப் பாடவேளையில் வாயே திறக்காத மாணாக்கன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய ஆசிரியை முறையிட்டபோது, சோம்பல் என்று சொல்லி அவனை நானே கண்டித்திருக்கிறேன். விறாந்தை மௌனங்களில் நாக்குழறி நின்ற சில மாதத்தின்பின், அவன் வகுப்பிற்குச் சென்று பின்வாங்கில் அமர்ந்தேன். கேள்வி கேட்டதற்கும் அடுத்த பிள்ளையிடம் தாவுவதற்கும் இடையே ஆசிரியை விட்ட நேரம் இரண்டு விநாடியும் இராது. குறை அவருடையதன்று, நான் படிப்பித்த காலத்தில் அதையும் விட்டேனா என்பது ஐயம். இப்பொழுது அவ்வகுப்பிலே ஆசிரியை கேட்டுவிட்டு மனத்துள் பத்து எண்ணுகிறார். அவன் இன்னும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் உதடு அசைகிறது.

என்னுடைய பெரும்பிழை முப்பது பாடம் முடிந்தபின் நேர்ந்தது. சென்ற மாரிகாலத்தில், ஞாயிறல்லாத ஒருநாள் மாலை, சம்பந்தியம்மாவே நேராக அழைத்தார். மகன் நடுவில் இல்லை. துணிவுடன் தொலைபேசியை எடுத்தேன். அவர் என் பொருட்டு மிக மெல்ல, எளிய சொற்களில், "ஆபியிம் ஒல்து" என்றார். ஆபி என்பது தமையன். என் தமையன் என்பது விளங்கிற்று. ஒல்து என்பதும் நன்கு பழகிய சொல். ஆயிற்று, ஆனார் என்பது பொருள். தமையனார் ஏதோ ஆகியிருக்கிறார். பாட்டனார் ஆகியிருக்கலாம், வீட்டு வேலை ஏதும் முற்றுப்பெற்றிருக்கலாம் என்று ஒரு கணத்தில் எண்ணினேன். உடனே, மௌனத்தை நிரப்பும் பழக்கத்தால், "ச்சொக் குஸெல்" என்றேன். மிக நன்று என்பது பொருள். மறுபுறத்தில் ஓசையில்லை. பின்னர் அவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். மொழிபெயர்ப்பின்றிப் பேசிவிட்டேன் என்று மனைவியிடம் பெருமையோடு சொன்னேன்.

அன்றிரவு மகன் அழைத்தான். "அப்பா, மாமிக்கு என்ன மறுமொழி சொன்னீர்கள்?" என்றான். அவர் சொன்னது ஒகரமன்று. இரட்டைப் புள்ளியிட்ட உயிர். அவ்வுயிரோடு ஒல்து என்றால் இறந்துபோனார். மரியாதையாகச் சொல்வோர் காலமானார் என்பதற்கு வேறு சொற்களை ஆள்வர். எனக்கு விளங்க வேண்டுமே என்று அவ்வம்மையார் தம் துயரத்திலும் மிக எளிய சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். தமையனை இழந்தவரிடம் நான் மிக நன்று என்று சொல்லியிருக்கிறேன்.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. நான் கேட்ட ஒலிப்பாடங்களில் ஓட்டலுக்கு வழி கேட்கவும் கடையில் விலை பேசவும் தாராளமாகக் கற்பித்திருந்தனர்; துக்கம் விசாரிக்க ஒரு வாக்கியம் இருக்கவில்லை. பிரயாணிகளை நினைத்து அமைத்த பாடங்களில் உறவினருக்கு இடம் குறைவுதான். மகனே சொல்லித்தந்தான்: "பாஷினிஸ் ஸா ஒல்சுன்." தங்கள் தலைக்கு நலமுண்டாகுக என்பது நேர்ப்பொருள், துக்க வீட்டிலே சொல்லும் சொல் இதுவே. இதிலும் அந்த ஒல் நிற்கிறது. இங்கே அது ஒகரமாகவே ஒலிக்க வேண்டும். புள்ளியிட்ட உயிராகிவிட்டால் ஆகுக என்பது சாகட்டும் என்றாகிவிடும். மகன் அதைச் சொன்னபோது எனக்குக் கை நடுங்கிற்று.

மூன்று நாள் கண்ணாடியின் முன் நின்றேன். நாவை எகரத்துக்கு வைத்து உதட்டைக் குவிப்பேன். பின் நாவை இழுத்து ஒகரம் சொல்வேன். கைத்தொலைபேசியில் என் குரலைப் பதிந்து, பாடத்துக் குரலின் அருகே வைத்துக் கேட்பேன். முதல்நாள் இரண்டும் ஒன்றாகவே கேட்டன. இரண்டாம் நாள் பாடத்துக் குரலில் வேற்றுமை கேட்டது. என் குரலில் கேட்கவில்லை. மூன்றாம் நாள், விடியற்காலையில், என் குரலிலும் கேட்டது. மனைவி அன்று சண்டையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கதவருகே நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலை நாங்களிருவரும் சம்பந்தியம்மாவை அழைத்தோம். வணக்கத்துக்குப்பின் நான் அவ்வாக்கியத்தைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "ஸிஸ் ஸா ஒலுன்" என்றார். தாங்கள் நலமாயிருங்கள் என்று மறுமொழி. மகன் அவரிடம் என் பிழையின் காரணத்தை விளக்கியிருந்தான் போலும். அந்தச் சொல்லை மீண்டும் எடுக்க அவருக்கு மனம் வந்திராது. வேறொரு சொல்லை எடுத்தார். "கொல்" என்றார், அதே புள்ளியிட்ட உயிரோடு. ஏரி என்பது பொருள். சொல்லிவிட்டு மௌனமாயிருந்தார். நான் சொன்னேன். "ஹாயிர்" என்றார், இல்லை என்பது. மீண்டும் சொன்னார், காத்திருந்தார், சொன்னேன். மீண்டும் இல்லை. மூன்றாம் முறை அவரே தம் வாயைத் தொலைபேசிக்கு அருகில் கொண்டுவந்து உதட்டைக் குவித்துக் காட்டினார். நான்காம் முறை நான் சொன்னதும் ஒரு கணம் நிதானித்து, "ஒல்து" என்றார்.

ஒகரமே அது. ஆயிற்று என்றார்.